மூன்று வரித் திருத்தம்

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வருவது அவர் வேலை. முப்பத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறார். அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் மீட்டர்காரர். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட ஓர் எண்ணையும் தப்பாக எழுதியதில்லை என்பதில் மனிதருக்கு அப்படியொரு பெருமை. கேட்டவர்களிடம் சொல்வார். கேட்காதவர்களை நிறுத்தி வைத்தும் சொல்வார்.

அந்தப் பெருமைதான் அவரைக் கொண்டுபோய்ப் பத்திரிகையில் மாட்டிவிட்டது. ஒன்பது கட்டடம், முன்னூற்றுப் பன்னிரண்டு வீடு உள்ள குடியிருப்பு அது. அங்கே மருந்துக்கடை வைத்திருந்த அம்மாள் வயதாகிவிட்டது என்று கடையை மூடினார். மூடிய மூன்றாம் நாளே சும்மா இருக்க முடியாமல் இணையத்தில் ஒரு பத்திரிகை தொடங்கிவிட்டார். பேர் ‘பக்கத்து வீடு’. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எல்லோருடைய போனிலும் வந்து விழும். தண்ணீர் வராத நேரம், லிஃப்ட் ஓடாத நாள், பரீட்சையில் தேறியவர்கள், காணாமல் போன பூனை, கவிதை என்று எல்லாம் உண்டு. ஆசிரியராக இருக்க ஆள் தேடியவர் லிஃப்டில் மீட்டர்காரரைப் பிடித்தார்.

“சார், நீங்க எல்லா வீட்டுக்கும் போறீங்க. எல்லார் வீட்டு நாயும் உங்களைப் பார்த்துக் குரைச்சிருக்கு. எண்ணைத் தப்பா எழுதினதே இல்லைங்கறீங்க. இதுக்கு மேல என்ன தகுதி வேணும்?”

“ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்றேன், மேடம்” என்றார் மீட்டர்காரர். லிஃப்ட் தரைத் தளத்துக்கு வருவதற்குள் சரி என்று சொல்லிவிட்டார்.

உட்கார்ந்த பிறகுதான் நாற்காலியின் சூடு தெரிந்தது. மீட்டர் எண் சண்டைக்கு வராது, மனிதர்கள் வருவார்கள். கற்றுக்கொண்டதையெல்லாம் வேலை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தார். கட்டுரையை யாரும் படிப்பதில்லை, தன் பேர் வந்திருக்கிறதா என்றுதான் தேடுகிறார்கள் என்பது முதல் மாதப் பாடம். ஒரு கட்டடத்தைப் பாராட்டினால் மற்ற எட்டுக் கட்டடமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் என்பது இரண்டாம் மாதம். ‘எப்படி வேணும்னாலும் வெட்டிக்குங்க’ என்று தாராளமாகச் சொல்கிறவர்களிடம்தான் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதை உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்டார். பல் டாக்டர் மழையைப் பற்றி நாற்பது வரிக் கவிதை அனுப்பினார். இவர் பன்னிரண்டு வரியை எடுத்துவிட்டார். அடுத்த மாதம் பல்வலி வந்து அவரிடமே போய் வாயைத் திறந்து படுக்க வேண்டியதாயிற்று.

“வேண்டாததை வெட்டறதுல நீங்கதான் கெட்டிக்காரர்” என்றார் டாக்டர், கையில் கருவியை வைத்துக்கொண்டு. “இதுல எந்தப் பல்லு வேண்டாம்னு நீங்களே சொல்லிடுங்களேன்.”

இருந்தாலும் ஒரு விஷயத்தில் மீட்டர்காரர் மசியவே மாட்டார். இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு வரியும் வெளியே போகக் கூடாது. காணாமல் போன பூனை ஒன்றின் நிறத்துக்காக மூன்று வீட்டுக்குப் போன் போட்டார். முதல் வீட்டில் வெள்ளை என்றார்கள், இரண்டாம் வீட்டில் சாம்பல் என்றார்கள். பூனைக்குச் சொந்தக்காரரைக் கேட்டால், குளிப்பாட்டினால் வெள்ளைதான் என்றார். அறிவிப்பில் அப்படியே போட்டார், ‘குளிப்பாட்டினால் வெள்ளை’ என்று. பூனை கிடைத்துவிட்டது.

இத்தனை கவனம் இருந்தும் ஒரு தடவை சறுக்கினார். செவ்வாய்க்கிழமை மோட்டார் ஓடாது என்பதை வியாழக்கிழமை என்று போட்டுவிட்டார். செவ்வாய் காலை முன்னூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் தலையில் சோப்பு நுரையோடு மனிதர்கள் நின்றார்கள். பத்திரிகைகளில் இப்படி நடந்தால் எங்கேயோ ஒரு மூலையில் எறும்பு எழுத்தில் ‘தவறுக்கு வருந்துகிறோம்’ என்று போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். மீட்டர்காரர் ஒற்றைக் காலில் நின்றார். திருத்தம் முதல் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மேலே வர வேண்டும், மூன்றே வரிதான் இருக்க வேண்டும். யார் தப்பு செய்தது, என்ன தப்பு, எது சரி. வருந்துகிறோம் என்ற சொல்லே கூடாது.

“ஏன் சார், வருத்தப்படறதுல என்ன தப்பு?” என்று மருந்துக்கடை அம்மாள் கேட்டார்.

“வருத்தப்பட்டா தண்ணி வருமா, மேடம்?”

அந்த மூன்று வரியை ஜனங்களுக்கு ஏனோ பிடித்துப்போயிற்று. அடுத்த வாரம் ஐந்தாம் கட்டடத்திலிருந்து ஒருவர், யாரும் கேட்காமலே, ஒரு திருத்தம் அனுப்பினார். ‘தப்பு செய்தவர்: நான். தப்பு: தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து போட்டது யாரென்று தெரியாது எனக் கூட்டத்தில் சொன்னேன். சரி: நான்தான் திறந்தேன்.’ அதைப் போட்டதும் மடை திறந்துகொண்டது. மருமகள் சமையல் நன்றாக இல்லை என்று நான்காம் மாடி முழுக்கச் சொன்ன மாமியார் ஒருவர், ‘சரி: நன்றாகத்தான் இருக்கிறது, உப்பு மட்டும் கொஞ்சம்’ என்று எழுதியிருந்தார். உப்பை எடுத்தால்தான் போடுவேன் என்று மீட்டர்காரர் பிடிவாதமாக நின்றார். இரண்டு நாள் போன் பேச்சுக்குப் பிறகு உப்பு போயிற்று. ஒரு கணவனும் மனைவியும் மாறி மாறி ஐந்து வாரம் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டார்கள். சனிக்கிழமை ஏழு மணிக்குப் போனைத் திறக்கிறவர்கள் லிஃப்ட் செய்தியைக்கூட விட்டுவிட்டுத் திருத்தத்துக்குத்தான் போனார்கள். தான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதாக மீட்டர்காரர் நினைத்துக்கொண்டார். நடை கொஞ்சம் மாறிவிட்டது என்று அவர் மனைவி சொல்வாள்.

இப்போது அவருடைய அக்காவுக்கு வருவோம். இவரைவிட நாலு வயது மூத்தவர், அறுபது வயது. இரண்டாம் கட்டடத்தில் தாயாருடன் இருக்கிறார். இரண்டு பக்கமும் பிரேக் வைத்த பழைய கார் ஒன்று வைத்துக்கொண்டு முப்பது வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். குடியிருப்பில் கார் வைத்திருக்கிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள்தான். அதிகம் பேச மாட்டார். ‘கிளட்ச்’ என்ற ஒரு வார்த்தையை மட்டும் எட்டு விதமாகச் சொல்வார்; எட்டில் எது கோபம், எது பாராட்டு என்பது அவரிடம் படித்தவர்களுக்குத் தெரியும்.

பத்திரிகையில் மாதம் ஒருமுறை ‘நம்ம ஆள்’ என்று ஒரு பகுதி வரும். குடியிருப்பில் ஒருவரைப் பற்றி எழுதுவார்கள். அந்த மாதம் வருவதாக இருந்தவர் கடைசி நிமிடத்தில் கூச்சப்பட்டு ஒதுங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை, கையில் ஒன்றும் இல்லை. மீட்டர்காரர் முக்கால் மணி நேரத்தில் அக்காவைப் பற்றி எழுதி முடித்தார். பூனையின் நிறத்துக்கு மூன்று வீட்டில் கேட்டவர் இதற்கு ஒருவரிடமும் கேட்கவில்லை. சொந்த அக்காவைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது என்று நினைத்தார். அக்காவிடமே கேட்கலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

எடுத்த எடுப்பிலேயே ஸ்கூட்டர் கதையை வைத்தார். ‘இன்று ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தக் கைகள், முதன்முதலாக வண்டியைத் தொட்ட அன்று என்ன செய்தன தெரியுமா? நேராகத் தச்சுப் பட்டறைச் சுவரில் கொண்டுபோய் மோதின’ என்று தொடங்கினார். அப்பாவின் ஸ்கூட்டர், பதினேழு வயது அக்கா, பட்டறையிலிருந்து உளியோடு ஓடிவந்த தச்சர் என்று அதை அவர் எத்தனையோ வருடமாகச் சொல்லி வருகிறார். கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறார், ஆபீசில் சொல்லியிருக்கிறார், தச்சரின் முழி எப்படி இருந்தது என்று செய்து காட்டியும் இருக்கிறார். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சிரிப்பு வரும் என்பதெல்லாம் அத்துப்படி.

பத்திரிகை தொடங்கிய நாளிலிருந்து அதிகம் பேர் படித்தது அதுதான். லிஃப்டில் ஏறினால் சிரிப்பு, இறங்கினால் சிரிப்பு. அக்காவிடமிருந்து மட்டும் ஒரு வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி வீட்டுக்கு வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவது அக்காவின் வழக்கம். அந்த ஞாயிறு வரவில்லை, அடுத்த ஞாயிறும் வரவில்லை. வண்டி ரிப்பேராக இருக்கும் என்றார் மீட்டர்காரர். அந்த வண்டி இரண்டு தடவை தெருவில் போனதைத் தான் பார்த்ததாக மனைவி சொன்னாள். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் வாரம் புதன்கிழமை, இரண்டாம் கட்டடத்தில் எண் குறிக்கப் போனார். படிக்கட்டுக்குக் கீழே அக்கா நின்றுகொண்டிருந்தார்.

“தம்பி, ஒரு திருத்தம் போடணும்.”

மீட்டர்காரர் உற்சாகமாகப் பேனாவை எடுத்தார். “சொல்லுக்கா. எது தப்பு? ஸ்கூல் ஆரம்பிச்ச வருஷமா?”

“ஸ்கூட்டர்.”

“ஸ்கூட்டருக்கு என்ன?”

அக்கா அவரையே பார்த்தார். மனிதர் நடிக்கிறார் என்று நீங்கள் நினைக்கலாம். நடிக்கவில்லை. நாற்பத்து மூன்று வருடம் சொல்லிச் சொல்லி, அவர் மனதுக்குள்ளேயே அக்கா ஸ்கூட்டரில் உட்கார்ந்துவிட்டார், இவர் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறார்.

“அதை ஓட்டினது யாருடா?” என்றார் அக்கா.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. முதலில் வலது உள்ளங்கைக்கு வந்தது. ஆக்ஸிலேட்டரை முறுக்கிய கை அது.

நடந்தது இதுதான். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அக்காவுக்குக் கொள்ளை ஆசை. அப்பா மத்தியானம் தூங்கும்போது சாவியை எடுத்து, ஸ்கூட்டரைத் தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டு போனார். கூடவே பதிமூன்று வயதுத் தம்பியும் போனான். திருப்பத்தில் யாராவது வருகிறார்களா என்று அக்கா எட்டிப் பார்க்கப் போன நேரத்தில் இவன் ஏறி உட்கார்ந்து, உதைத்து, முறுக்கினான். சுவர் இருந்த இடத்தில்தான் இருந்தது. அக்கா ஓடிவந்து வண்டியைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்ற சமயம் அப்பா வந்து சேர்ந்தார். வண்டியைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். ‘உனக்கு எதுக்கு இந்த வேலை’ என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அதன் பிறகு ஆறு வருடம், கல்யாணமாகிப் போகிற வரைக்கும், அக்காவை வண்டியைத் தொட விடவில்லை. அந்த ஆறு வருடத்துக்கு நடுவில் தம்பிக்குப் பதினெட்டு வயதானதும் அதே ஸ்கூட்டரில் அப்பா பின்னால் உட்கார்ந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். அக்கா கற்றுக்கொண்டது இருபத்தேழாவது வயதில், முன்பின் தெரியாத ஒருவரிடம்.

“அது… சும்மா எல்லாரும் சிரிக்கட்டுமேன்னு…” என்று மென்று விழுங்கினார் மீட்டர்காரர்.

“சிரிக்கறதுக்குச் சொன்னப்பல்லாம் நான் ஏதாவது சொன்னேனா? இது எழுத்துல வந்துடுச்சு. புதுசா ஒரு அம்மா கத்துக்க வராங்க, அம்பது வயசு. ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்கும். முந்தாநாள் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘நீங்களே மொத நாள் சுவத்துல மோதினவங்கன்னு படிச்சேன், அப்புறம்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு’ன்னாங்க. நான் ஆமான்னு சொன்னேன். இத்தனை வருஷத்துல நான் என் வாயால ஆமான்னு சொன்னது அதான் மொத தடவை.”

மீட்டர்காரர் எடுத்த பேனாவை மூடினார்.

“அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது நீ சொல்லிடுவேன்னு நெனச்சேன்” என்றார் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை, வழி கேட்டவர்களுக்குச் சொல்வது மாதிரி சொன்னார். “அப்புறம் மறுநாள் சொல்லுவேன்னு நெனச்சேன். உனக்குப் பரீட்சை முடியட்டும்னு நெனச்சேன். அப்பா உனக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்தாரே, அன்னைக்குக் கண்டிப்பா சொல்லுவேன்னு நெனச்சேன். அப்பா போறவரைக்கும் நெனச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

அப்பா போய்ப் பதினோரு வருடமாகிவிட்டது. அக்கா மாடிக்குப் போய்விட்டார். மீட்டர்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்களைக் குறித்தார். அன்று மாலை ஆபீசிலிருந்து போன் வந்தது. இரண்டாம் கட்டடத்தில் ஒரு வீட்டின் எண்ணை இன்னொரு வீட்டுக்கு எழுதியிருக்கிறீர்களே, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. முன்னூற்றுப் பன்னிரண்டு வீட்டிலும் மாதா மாதம் போய் நிற்க வேண்டியவர் அவர். தொட்டி மூடியைத் திறந்தவனெல்லாம் வெட்கமில்லாமல் எழுதி அனுப்பலாம், அவன் ஆசிரியர் இல்லை. திருத்தம் போடாமல் விட்டாலோ அக்கா இனி இவர் வாசலில் கால் வைக்க மாட்டார் என்பதும் தெரிந்தது. அக்கா மிரட்ட மாட்டார், வராமல் இருந்துவிடுவார்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“ஏங்க, கல்யாணமான புதுசுல நீங்க என்னை மொத மொதல்ல சிரிக்க வெச்சது அந்தக் கதையைச் சொல்லித்தானே?”

“ஆமா.”

“அப்பவும் அக்கா பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க” என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு திருத்தம் எழுதி மருந்துக்கடை அம்மாளிடம் கொண்டுபோனார். ‘நம்ம ஆள் பகுதியில் இடம்பெற்ற ஸ்கூட்டர் தொடர்பான குறிப்பில் சில விவரங்கள் முழுமையாக அமையவில்லை என்பது கவனத்துக்கு வந்துள்ளது’ என்றிருந்தது. அம்மாள் டாக்டர் சீட்டைப் படிப்பது போல் தூரத்தில் வைத்து ஒரு தடவை, கிட்டத்தில் வைத்து ஒரு தடவை படித்தார்.

“என்ன சார், யாருக்கும் புரிஞ்சுடக் கூடாதுன்னே எழுதின மாதிரி இருக்கு. யார் தப்பு செஞ்சது?”

“பத்திரிகைதான், மேடம்.”

“பத்திரிகை ஸ்கூட்டர் ஓட்டுச்சா?”

மீட்டர்காரர் தரையைப் பார்த்தார். நாற்பது வருடம் மருந்துக்கடையில் நின்றவர் அந்த அம்மாள். சீட்டு இல்லாமல் வந்து கூச்சப்படுகிறவன் முகத்தைப் பார்த்தே என்ன வியாதி என்று தெரிந்துகொள்வார்.

“ஓ” என்றார். பிறகு, “அந்த மாமியார்கிட்ட உப்புக்காக ரெண்டு நாள் சண்டை போட்டீங்களே சார்” என்றார். வேறு எதுவும் சொல்லாமல் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மறுபடி எழுதினார். இந்தத் தடவை பூசி மெழுகவில்லை. உண்மையைத்தான் எழுதினார், ஆனால் இருபத்தேழு வரி வந்தது. அடுத்தவர் எழுத்தில் ஈவு இரக்கமில்லாமல் கை வைக்கிறவருக்குத் தன் எழுத்தில் ஒரு வார்த்தையை எடுக்கவும் மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், அக்கா வண்டி பழக்குகிற மைதானத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போனார். கை நடுங்குகிற அம்மாள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கார் நின்றுகொண்டுதான் இருந்தது, எஞ்சின்கூட ஓடவில்லை.

“நீங்க அப்படியே பிடிச்சுப் பழகுங்க, வந்துடறேன்” என்று அக்கா இறங்கி வந்து தாளை வாங்கினார். காரின் முன்பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படித்தார். பிறகு தம்பியின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“‘அறியாப் பருவத்தில்’னு போட்டிருக்கே. பதிமூணு வயசு அறியாப் பருவமா? எடுத்துடு.” ஒரு கோடு. “‘எதிர்பாராத விதமாக’ எதுக்கு? நீதானே முறுக்கின?” இன்னொரு கோடு. “‘என் உள்ளம் இத்தனை காலம் உறுத்திக்கொண்டே இருந்தது’…”

“அது இருக்கட்டுமேக்கா.”

“உறுத்துச்சா?”

மீட்டர்காரர் யோசித்தார். “இல்லை” என்றார்.

அக்கா அதையும் அடித்தார். ‘தியாகச் சுடர்’ என்று ஓரிடத்தில் இருந்தது. அதைப் படித்ததும் அக்கா முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. “நான் ஒண்ணும் தியாகம் பண்ணலை. என்னை யாரும் கேக்கலை, அவ்வளவுதான். பெரிய பெரிய வார்த்தையெல்லாம் போட்டு அதையும் உன் கதையா ஆக்கிடாத.” தச்சர் போனார், உளி போனது, மன்னிப்பு போனது. ‘வருந்துகிறேன்’ என்று கடைசியில் இருந்ததை அக்கா அடிக்கப் போகும்போது, அதையாவது விடு என்று மீட்டர்காரர் கெஞ்சினார்.

“உன் பத்திரிகையில அந்த வார்த்தை கூடாதாமே” என்று அக்கா அதையும் அடித்துவிட்டுப் பேனாவைச் சட்டைப் பையில் திரும்பச் செருகினார்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு, எல்லாவற்றுக்கும் மேலே, இப்படி வந்தது.

‘தப்பு செய்தவர்: இந்தப் பத்திரிகையின் ஆசிரியர்.

தப்பு: என் அக்கா ஸ்கூட்டரைச் சுவரில் மோதியதாக எழுதினேன், நாற்பத்து மூன்று வருடமாகச் சொல்லியும் வந்தேன்.

சரி: ஓட்டி மோதியது நான். அக்கா ஓடிவந்து தூக்கி நிறுத்தினார்.’

ஏழு மணி ஐந்து நிமிடத்திலிருந்து போன் ஓயவில்லை. தலை போய்விடும் என்று பயந்தவருக்கு அப்படியொன்றும் போகவில்லை. ஐந்தாம் கட்டடத்துத் தொட்டி மூடிக்காரர் கூப்பிட்டு ஏதோ சங்கத்தில் சேர்த்துக்கொள்வது போல் வாழ்த்துச் சொன்னார். இதில் ஒரு வரியைக்கூட வெட்ட முடியாது என்று பல் டாக்டர் பாராட்டிவிட்டு, கூடவே நாற்பது வரி அனுப்பினார். எட்டாம் கட்டடத்தில் ஒருவர், அப்படியானால் எங்கள் வீட்டு மீட்டரையும் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள் என்றார். இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கை நடுங்குகிற அம்மாளுக்குத்தான் பெரிய ஏமாற்றம். அப்போது நீங்கள் மோதவே இல்லையா என்று அக்காவிடம் அழாக்குறையாகக் கேட்டாராம். மோதினவன் முப்பத்தெட்டு வருஷமா ஒழுங்காத்தான் ஓட்டறான், நீங்க கிளட்சை அமுக்குங்க என்றாராம் அக்கா.

அன்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் மீட்டர்காரர் ஒன்றும் எழுதவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மூடிவிட்டார்.

சாயங்காலம் அக்கா போன் செய்தார். “அம்மாவுக்குப் போன்ல படிக்கத் தெரியாது. நாளைக்கு வந்து நீயே படிச்சுக் காட்டு.”

முன்னூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்குப் பயந்தது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தாயாருக்கு எண்பத்து மூன்று வயது. ஸ்கூட்டர் கதையை இவருக்கு அடுத்தபடியாக அதிகம் பேரிடம் சொன்னது அந்த அம்மாள்தான். மறுநாள் காலை அவர் போனபோது தாயார் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மீட்டர்காரர் நின்றபடியே போனை எடுத்துப் படித்தார்.

“இன்னொரு தடவை படி” என்றார் தாயார்.

மறுபடியும் படித்தார். தாயார் மகள் பக்கம் திரும்பினார்.

“நீ ஏன் சொல்லலை?”

“நீங்க கேக்கலையேம்மா” என்றார் அக்கா, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அப்பா கேட்டிருப்பாரே.”

“அப்பாவும் கேக்கலை.”

“அம்மா, தப்பெல்லாம் என் மேலதான்…” என்று மீட்டர்காரர் ஆரம்பித்தார்.

“உன்னை யாரு இப்பக் கேட்டது? சும்மா இரு” என்றார் தாயார். மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அப்பா பிடுங்கிய சாவியை அலமாரியில் வைத்துப் பூட்டியது தாயார்தான். அதை நினைத்தாரோ என்னவோ, கையை நீட்டி மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மடித்துக்கொண்டிருந்த துண்டு பாதியில் நின்றது.

“நீ சொல்லும்மா. வண்டியை யாரு மோதினது?”

“தம்பிதாம்மா. நான் இல்லை” என்று சொல்லி முடிப்பதற்குள் அக்கா அழுதுவிட்டார்.